ரத்த வங்கிக்குத் தனி ரோல்

அம்மாவின் கைகள் எப்போதும் சூடாக இருக்கும். குளிர்காலத்தில் அப்பா அவள் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “இந்த வீட்டுக்கு ஹீட்டர் எதுக்கு?” என்பார். அவள் உதறிவிட்டுப் போவாள். அந்தச் சூட்டுக்கு மருத்துவமனையில் ஒரு வேலை இருந்தது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் அதுதான் வருகிறது.

பத்தொன்பது வயதில் அங்கே தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். நோயாளிகள் வந்து பதியும் சாளரத்தில் பெயரும் வயதும் அடிக்கும் வேலை. மாலை வகுப்பில் படித்துக் கணினிப் பிரிவுக்கு மாறினாள். அந்தப் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்துக்கு அடுத்த அறையில் இருந்தது. ஒரு பக்கச் சுவர் சோப்பு ஆவியில் ஊறி எப்போதும் ஈரமாக இருக்கும். மறுபக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சர்வர்கள் குளிரில் உறுமிக்கொண்டிருக்கும். நடுவில் மூன்று மேசைகள். ஒன்று பிரிவுத் தலைவருடையது. மருத்துவமனை முழுக்க அவருக்குப் பூட்டு என்று பெயர். கை கழுவப் போனாலும் அறையைப் பூட்டிவிட்டுப் போவார், உள்ளே ஆள் இருந்தாலும். இன்னொன்று அம்மாவுடையது. மூன்றாவதில் செத்துப்போன விசைப்பலகைகள் குவிந்து கிடக்கும்.

அவள் சேர்ந்தபோது ஒவ்வொரு சர்வரும் ஒரு விதம். யாரோ எப்போதோ கையால் அமைத்தவை. பூக்களின் பெயர், கோள்களின் பெயர், ஒன்றுக்குப் பூட்டு வளர்த்த நாயின் பெயர். எந்த மெஷின் என்ன செய்கிறது என்று கேட்டால், “ஓடுதுல்ல? ஓடுற குதிரையை ஏன் நிறுத்திப் பல்லை எண்ணுறே?” என்பாராம் பூட்டு.

அம்மா எண்ணினாள். பல மாதங்கள் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் தானியங்கி முறைக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு சர்வரும் எப்படி இருக்க வேண்டும் என்று ஓரிடத்தில் எழுதிவைத்துவிட்டால் போதும். ஒரு நிரல் அரை மணிக்கு ஒரு முறை எல்லாவற்றையும் சுற்றி வந்து, எழுதியபடி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாததைச் சேர்க்கும். மாறியிருப்பதைத் திருத்தும். எழுதுவது மட்டும்தான் மனிதர் வேலை.

எழுதுவதில் அவளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கடிகாரத்தைச் சரிசெய்வது ஒரு துண்டு, கடவுச்சொல் ஒரு துண்டு, லேபிள் அச்சடிப்பது ஒரு துண்டு. துண்டுகளைச் சேர்த்தால் ஒரு ரோல்: வார்டு, மருந்தகம், ஆய்வகம். ஒரு சர்வருக்கு ஒரே ரோல்தான். ‘வார்டு ரோல்தான், ஆனால் இது மட்டும் கொஞ்சம்’ என்று ஒட்டுப் போடக் கூடாது. கொஞ்சம் வேறு என்றால் அது வேறு ரோல். அதற்குத் தனியாகப் பெயர் வைக்க வேண்டும். பெயரைப் பார்த்தாலே வேலை தெரிய வேண்டும்.

நானும் பின்னால் இதே தொழிலுக்குத்தான் வந்தேன். அதற்குப் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் இதே சண்டை.

“ஆறு வரி வித்தியாசத்துக்குத் தனி ரோலாம்மா? ஒரு நிபந்தனை போட்டா முடிஞ்சுது.”

“இன்னிக்கு ஒண்ணு போடுவே. அடுத்த மாசம் இன்னொண்ணு. அப்புறம் அது ரோல் இல்லடி, குப்பைத்தொட்டி.”

அப்பா பேருந்து ஓட்டுநர். எங்கள் பேச்சில் அவருக்குப் பிடிபடும் ஒரே வார்த்தை ரோல். “அப்ப நான் எந்த ரோலு?” என்று இடையில் தலையை நீட்டுவார்.

“நீங்க இன்னும் எதுலயும் சேரலை. அதான் துவைச்ச துணி வாளியிலேயே கிடக்கு.”

அப்பா வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். இது அவள் சிரித்துப் பேசிய காலம்.

அந்த ஒழுங்கை அவள் ஒரே ஒரு முறை மீறினாள்.

ஆய்வுக் குழு வரும் நாளுக்குள் எல்லாச் சர்வர்களும் புது முறைக்கு வந்துவிடும் என்று பூட்டு மேலிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். கடைசியாக மீந்தது ரத்த வங்கியின் சர்வர். வார்டு சர்வர் செய்யும் அதே வேலைகள்தான் அதற்கும்: பதிவு, லேபிள். கூடுதலாக ஒரு சின்ன நிரல் மட்டும் அதில் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தம் வைக்கும் ஃப்ரிட்ஜ் பழையது. சூடானால் கத்த வேண்டிய அதன் சொந்த ஒலி எப்போதோ அடைத்துப்போயிருந்தது. அதற்குப் பதிலாக முன்னொரு காலத்து ஊழியர் ஒருவர் ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சென்சார் வைத்து, அதைச் சர்வரோடு இணைத்திருந்தார். ஆறு டிகிரியைத் தாண்டினால் அந்த நிரல் தாழ்வாரக் கோடியில், செவிலியர் இருக்கும் இடத்தில் மணி அடிக்கும்.

அம்மா அதைப் பார்த்தாள். தனி ரோல் வேண்டும் என்றாள்.

“ஒரே ஒரு மெஷினுக்கா?” என்றார் பூட்டு. “இப்போதைக்கு வார்டு ரோலைக் குடுத்துடு. மிச்சத்தை வர்ற வாரம் பாத்துக்கலாம்.”

கொடுத்தாள். அப்போது ஒன்றும் ஆகவில்லை. எழுதாத நிரல் எதையும் அந்த முறை தொடாமல் விட்டுக்கொண்டிருந்தது. மணியும் வேலை செய்தது. வர்ற வாரம் வந்தது, வேறு வேலைகளோடு. அது போய் இன்னொரு வாரம் வந்தது.

பிறகு மருந்தகத்து மெஷின்களில் வைரஸ் புகுந்தது. யாரோ கொண்டுவந்து போட்ட ஒரு விளையாட்டு வழியாக. மூன்று நாள் மருந்துச் சீட்டுகளைக் கையால் எழுதினார்கள். அது அடங்கியதும் அம்மா எல்லா ரோல்களிலும் ஒரு புதுத் துண்டைச் சேர்த்தாள்: ரோலில் எழுதப்படாத எந்த நிரல் ஓடினாலும் நிறுத்திவிடு. சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு ரோலாக யோசித்தாள். வார்டு ரோலுக்கு வந்தபோது வார்டுகளை நினைத்தாள். வார்டுகளில் கூடுதலாக எதுவும் ஓடவில்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். வார்டு என்ற பெயருக்குள் வார்டு அல்லாத ஒன்று உட்கார்ந்திருப்பது அவள் நினைவுக்கு வரவில்லை. பெயரை நம்பினாள். அந்தப் பெயர்களையெல்லாம் வைத்தவளே அவள்தான்.

அரை மணிக்குள் நிரல் சுற்றி வந்தது. ரத்த வங்கிச் சர்வரில் மணியை நிறுத்திவிட்டுப் போனது.

சில வாரங்கள் கழித்து, ஒரு விடுமுறை நாளின் இரவில் ஃப்ரிட்ஜ் நின்றது. மணி அடிக்கவில்லை. காலையில் வந்தவர்கள் கதவைத் திறந்தபோது உள்ளே அறையின் சூடுதான் இருந்தது. இருந்த ரத்தம் முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்று காலை அறுவைச் சிகிச்சைக்குத் தயாராக இருந்தவர் ஒரு தையல்காரர். வயிற்றில் கட்டி, உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வேறு மருத்துவமனையிலிருந்து ரத்தம் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். வண்டி வந்து சேர்ந்தபோது அவர் இல்லை.

விசாரணை நடந்தது. இயந்திரக் கோளாறு என்று முடித்தார்கள். தாமதத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றும் ஒரு வரி.

அம்மா பூட்டின் மேசை முன் போய் நின்றாள். “கோளாறுன்னு போடாதீங்க சார். மெஷின் நான் எழுதினதை எழுதினபடி செஞ்சிருக்கு.”

“தொடர்பு இல்லன்னே போட்டிருக்காங்க. நீ எதுக்கு வலியப் போய்க் கழுத்தை நீட்டுறே?”

“இல்லன்னு போடலை. நிறுவப்படலைன்னு போட்டிருக்காங்க.”

“உனக்கு ஒரு பொண்ணு இருக்கா. அவ படிக்கிறா” என்றார் பூட்டு. அன்று அவர் அறையைப் பூட்டாமலே வீட்டுக்குப் போனாராம்.

தையல்காரரின் மனைவி இறப்புச் சான்றிதழுக்காக ஒரு நாள் அடித்தளம் வரைக்கும் வந்துவிட்டார். மேலே அச்சு இயந்திரம் மக்கர் செய்தது. யாரோ கீழே போய்க் கேளுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். அம்மா அச்சடித்துக் கொடுத்தாள். பிறகு படிக்கட்டு வரை கூடவே போய், சொல்லிவிட்டாள்.

“மெஷின் கெட்டுப்போகலைம்மா. ஃப்ரிட்ஜ் நின்னா மணி அடிச்சிருக்கணும். அடிக்காமப் போனதுக்கு நான்தான் காரணம்.”

அந்த அம்மாள் சான்றிதழை மடித்துப் பையில் வைத்தாராம். “மெஷின் மேல கோபப்பட முடியாதுன்னு சும்மா கிடந்தேன்” என்றாராம். “இப்ப நீ வந்து நிக்கிறே. உன்னைத் திட்டி நான் என்னத்தைக் காணப் போறேன்? அவர் தைச்ச சட்டை ஒண்ணு பட்டன் வைக்காமக் கிடக்கு. யாரோடதுன்னே தெரியல. அதுக்கு வழி சொல்லு, முடிஞ்சா.”

அம்மா இதை அன்று மாலை எங்களிடம் அப்படியே சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். அப்பா எதையோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தார். “நீங்க எதுவும் சொல்லாதீங்க” என்றாள். அதன் பிறகு எங்கள் வீட்டு மேசையில் ரோல் சண்டை நடக்கவில்லை.

வேலையை அவள் விடவில்லை. ரத்த வங்கிக்குத் தனி ரோல் எழுதினாள், ஒரே ஒரு மெஷினுக்கு. மணி அடிக்கும் நிரல் அதில் முதல் வரி. அத்தோடு நிற்கவில்லை. எழுதியது சரியாக இருப்பது வேறு, மணி அடிப்பது வேறு என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காலையில் முதல் மாடிக்கு ஏறி ரத்த வங்கிக்குப் போவாள். சென்சார் ஒரு சின்னக் குப்பிக்குள் இருக்கும். அதை ஒயரோடு வெளியே எடுத்து, கதவைச் சாத்திவிட்டு, குப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்திக்கொண்டு நிற்பாள். கைச் சூட்டில் சென்சாரின் சின்னத் திரையில் எண் ஏறும். ஆறைத் தாண்டியதும் தாழ்வாரத்தில் மணி அலறும். குப்பியை உள்ளே வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போவாள்.

ரத்த வங்கியில் இருந்த பணியாளரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அம்மாவும்கூட. வயதில் அவர் அம்மாவை விடச் சின்னவர். “வந்துட்டாங்கய்யா, எங்க ஃப்ரிட்ஜுக்குக் காய்ச்சல் வரவைக்கிறவங்க” என்பார் அக்கா. தாழ்வாரக் கோடியில் செவிலியர் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஒரு முறை புதிதாக வந்த பெண் ஒருத்தி, “போதும் மேடம், செத்தவன்கூட எழுந்து உக்காந்துடுவான்” என்றாளாம். அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். அம்மா காதில் வாங்காதது போல் இறங்கிப் போய்விட்டாள்.

இப்படி வருடங்கள் போயின. பூட்டு ஓய்வு பெற்றார். அம்மாவும் ஓய்வுக்குப் பக்கத்தில் வந்தபோது நோய் வந்தது. ரத்தத்தில்தான். எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுவது குறைந்துகொண்டே போயிற்று. சீக்கிரமே அவள் கைகள் சில்லிட்டுப்போயின. அப்பா இப்போதும் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வார். எதுவும் சொல்ல மாட்டார்.

விடுப்பில் போவதற்கு முந்தின மாதமும் அவள் முதல் மாடிக்கு ஏறினாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. குப்பியைப் பொத்திக்கொண்டு நின்றாள். எண் வெகுநேரம் நான்கிலேயே நின்றது. ஏறவில்லை. அக்கா பக்கத்தில் வந்து, தன் கைகளை அம்மாவின் கைகளுக்கு மேலே வைத்து அழுத்திக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மணி அடித்தது.

“இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க ஏற வேணாம்” என்றார் அக்கா.

“மாசா மாசம்” என்றாள் அம்மா.

“மாசா மாசம். சத்தியமா.”

கடைசியில் அதே மருத்துவமனையில்தான் படுத்தாள், மூன்றாவது மாடியில். வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். பையை மாட்டும்போது கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு லேபிளைப் படிப்பாள். “நம்ம மெஷின் அடிச்சது. எழுத்து இடப்பக்கம் சாயுது பாரு. அதை நான் சரிபண்ணவே இல்லை.” அவள் சிரித்ததாக எனக்கு நினைவிருக்கும் கடைசிச் சிரிப்பு அது.

அக்கா பார்க்க வருவார். அம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள். “மணி அடிக்குதா?”

“நல்லா அடிக்குது. நீங்க கண்ணை மூடுங்க.”

மூடிக்கொள்வாள். ஒரு காலையில், நான் அவள் பாதங்களில் காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது. ஒரு காலுறையோடு நின்றது.

எல்லாம் முடிந்த பிறகு அவளுடைய அடையாள அட்டையையும் சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். “அந்தப் படியில நான் இறங்க மாட்டேன்” என்றார். நான் மட்டும் போனேன்.

சுவர் அதே ஈரத்தோடு இருந்தது. அம்மாவின் மேசையில் புதியவர் ஒருவர். வெளி நிறுவனத்திலிருந்து வந்தவர். எதற்கும் ‘சுருக்கமாச் சொல்லுங்க’ என்பதால் அதற்குள் சுருக்கு என்று பெயர் வாங்கியிருந்தார். நல்ல மனிதர். எழுந்து நின்று அட்டையை இரண்டு கைகளாலும் வாங்கினார். தேநீர் வரவழைத்தார். என் தொழிலைக் கேட்டதும் முகம் மலர்ந்து திரையைத் திருப்பிக் காட்டினார்.

“அம்மா ரொம்ப ஒழுங்கா வெச்சிருக்காங்க. ஆனா ரோல் கொஞ்சம் ஜாஸ்தி. முப்பதுக்கு மேல இருந்துச்சு. ஒன்பதாக் குறைச்சுட்டேன். ஒரே ஒரு மெஷினுக்குன்னு தனி ரோல் எதுக்கு? உங்களுக்குத் தெரியாததா?”

“ரத்த வங்கி?” என்றேன்.

“வார்டுல சேத்தாச்சு. நூத்துக்குத் தொண்ணூறு ஒண்ணுதானே.”

“மிச்சம் பத்து?”

“வர்ற வாரம் பாக்கணும்.”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். எப்போது சேர்த்தார் என்று கேட்டேன். மூன்று வாரம் இருக்கும் என்றார்.

மூன்று வாரத்துக்கு முன் அம்மா மேலே படுத்திருந்தாள்.

படியேறி ரத்த வங்கிக்குப் போனேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். சற்றுப் பொறுத்து, “சென்சாரை எடுத்துப் பாக்கணும்க்கா” என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

குப்பியை எடுத்துப் பொத்திக்கொண்டேன். என் கையும் அம்மாவுடையதைப் போலத்தான், சூடு. எண் ஏறியது. நான்கு. ஐந்து. ஆறு. ஆறரை. ஏழு. தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். எட்டு.

மணி அடிக்கவில்லை.

“அவங்க கேட்டப்பல்லாம் அடிக்குதுன்னு சொன்னேன்” என்றார் அக்கா. “பாக்காமலே சொன்னேன்மா. கொஞ்சம் தூங்கட்டும்னு சொன்னேன். நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு...”

அந்த மூன்று வாரமும் ஃப்ரிட்ஜ் நிற்கவில்லை. அம்மாவுக்கு ஏறிய ரத்தம் கெட்டுப்போன ரத்தம் அல்ல. இது எனக்குத் தெரியும். அக்கா தினமும் எழுதி ஃப்ரிட்ஜின் உள்கதவில் தொங்கவிட்ட சூட்டு எண்களும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குக் காரணம் யாருடைய கவனமும் அல்ல. ஃப்ரிட்ஜ் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

“நான் திரும்பி வர்ற வரைக்கும் இந்த அறையை விட்டு நகராதீங்க” என்று சொல்லி, குப்பியை உள்ளே வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

சுருக்கிடம் சுருக்கமாகவே சொன்னேன். மணி, ஃப்ரிட்ஜ், தையல்காரர். “எனக்கு யாருமே சொல்லலைங்க” என்றார். சொல்வதற்கு அம்மா மேலேதான் இருந்தாள். அதை நான் சொல்லவில்லை. “இதோ, வார்டு ரோல்லயே ஒரு நிபந்தனை போட்டுடறேன். ரத்த வங்கின்னா மட்டும் மணி. ரெண்டு நிமிஷம்.”

“வேண்டாம். தனி ரோல்.”

“அதே விஷயம்தானே—”

“கொஞ்சம் வேறன்னா வேறதான். பழையது இருக்கும். எடுத்துப் போடுங்க.”

பழையதை எடுத்தார். அம்மா எழுதிய வரிகள் திரையில் வந்தன. மணிதான் முதல் வரி. ரோலின் பெயர் இருந்த இடத்தில் அவர் விரல் தயங்கியது. “உங்க அம்மா பேரையே இதுக்கு வெச்சிடலாமா? ஒரு மரியாதைக்கு” என்றார். மனதாரத்தான் கேட்டார்.

“பேரைப் பாத்தா வேலை தெரியணும். ரத்த வங்கின்னே இருக்கட்டும்.”

நிரலை அப்போதே ஒரு சுற்று ஓடவிடவா என்று கேட்டார். ஓடவிடச் சொன்னேன். அது முடிந்துவிட்டதாகத் திரை சொன்னது. நான் மறுபடி படியேறினேன்.

அக்கா நகராமல் நின்றிருந்தார். ஃப்ரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்தேன். மறுபடி குளிர்ந்திருந்தது. பொத்திக்கொண்டேன். இந்த முறை எண்ணைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா மாதா மாதம் நின்ற இடம். அந்தச் சில நிமிடங்களில் அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள். காது கொடுத்துக்கொண்டு நின்றிருப்பாள். அது மட்டும்தான் முடிகிறது.

மணி அடித்தது.

தாழ்வாரம் முழுக்க அலறியது. “யாருப்பா அது?” என்று ஒரு குரல். “அவங்க பொண்ணு வந்திருக்கா” என்று இன்னொரு குரல். மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. குப்பி குளிர்ந்தால்தான் அது ஓயும். என் கைகள் திறக்கவில்லை.

அக்கா கிட்டே வந்தார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

“குடும்மா. இதை நீ கையிலேயே வெச்சிருந்தா, உள்ள நிஜமாச் சூடானா யாருக்கும் தெரியாது.”

கொடுத்தேன்.